மார்பகப் புற்றுநோய்: நர்ஸின் ஆதரவு வாழ்க்கைத் தரத்தை உண்மையிலேயே மாற்றுமா?

படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். ஒரு பக்க மார்பகத்தையும் அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்திருக்கிறார்கள், காயத்தில் சேரும் நீரை வெளியேற்றும் டிரெய்ன் குழாய் இன்னும் மாட்டியிருக்கிறது, அடுத்து கீமோ. நர்ஸ்களின் ஆதரவு இருந்தால் வாழ்க்கைத் தரம் கூடும் என்று படிக்கிற இடத்திலெல்லாம் எழுதியிருக்கிறது, ஆனால் வார்டில் பார்த்தால் ஊசி போடவும் பிரஷர் பார்க்கவுமே அவர்களுக்கு நேரம் போதவில்லை, அப்படியானால் அந்த ஆதரவு என்பது என்ன, அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்கிறீர்கள். நான் நெடுங்காலமாகப் புற்றுநோய்ப் பிரிவில் நர்ஸாக இருப்பவள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாற்றும் என்பதுதான் என் பதில். ஆனால் பலரும் நினைக்கிற வழியில் மாற்றுவதில்லை. ஆதரவு என்றதும் கையைப் பிடித்துக்கொண்டு நாலு நல்ல வார்த்தை சொல்வதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. அதுவும் வேண்டியதுதான். ஆனால் ஒரு பெண்ணின் நாட்களை நிஜமாக லேசாக்குவது, அவளுக்கு என்ன நடக்கிறது என்று ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பதும், கேட்டதற்கு அன்றைக்கே ஏதாவது செய்வதும்தான்.

இதை என் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. 1980இல் பிரிட்டனில் பீட்டர் மகுவயர் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவினரும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மார்பகம் அகற்றப்பட்ட 152 பெண்களில் ஒரு சாராருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். இன்னொரு சாராரை ஒரு நர்ஸ் சந்தித்துப் பேசி, அவர்கள் வீடு திரும்பிய பிறகும் தொடர்ந்து போய்ப் பார்த்தார். நர்ஸ் பேசியதால் மனச்சோர்வும் பதற்றமும் வராமல் தடுக்க முடிந்ததா என்றால், முடியவில்லை. ஆனால் யாருக்கு வந்திருக்கிறது என்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார். மனநல உதவி தேவைப்பட்டவர்களில் 76 சதவீதம் பேரை அவர் அடையாளம் கண்டு மருத்துவரிடம் அனுப்பினார். நர்ஸ் இல்லாத பக்கத்தில் அப்படி அடையாளம் காணப்பட்டவர்கள் 15 சதவீதம் பேர்தான். விளைவு, 12 முதல் 18 மாதம் கழித்துப் பார்த்தபோது நர்ஸ் பார்த்த பெண்களில் 12 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 39 சதவீதம் பேருக்கும் மனநலப் பாதிப்பு இருந்தது. இத்தனை வருடம் கழித்தும், இந்த வேலையின் சாரம் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்த ஆய்வைத்தான் சொல்வேன்.

ஏன் மற்றவர்கள் கண்ணில் படவில்லை? நோயாளிகள் சொல்வதில்லை, அவ்வளவுதான். டாக்டர் வந்து "எப்படி இருக்கீங்க?" என்றால் "நல்லா இருக்கேன் டாக்டர்" என்பார்கள். அவர் நகர்ந்ததும் என்னிடம், "சிஸ்டர், மூணு நாளா தூக்கமே இல்லை" என்பார்கள். டாக்டரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்று நினைப்பார்கள், அல்லது இதெல்லாம் கீமோவில் சகஜம், தாங்கித்தான் ஆகவேண்டும் என்று அவர்களாகவே முடிவு செய்துவிடுவார்கள். பக்கவிளைவைச் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ, அதனால் நோய் திரும்பிவிடுமோ என்ற பயமும் நிறைய பேருக்கு இருக்கிறது. இந்தப் பயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், நாமாகத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

வாழ்க்கைத் தரம் என்பது காற்றில் சொல்கிற வார்த்தை அல்ல, அதை அளப்பதற்கு முறையான கேள்வித்தாள்கள் இருக்கின்றன. ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பான இஓஆர்டிசி 1993இல் வெளியிட்ட 30 கேள்விகள் கொண்ட தாள் ஒன்று, எல்லாப் புற்றுநோய்க்கும் பொதுவானது. மார்பகப் புற்றுநோய்க்கென்று 23 கேள்விகள் கொண்ட இன்னொன்று 1996இல் வந்தது. அதில் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? உடையில்லாமல் உங்கள் உடம்பைப் பார்க்கக் கஷ்டமாக இருந்ததா, கையைத் தூக்கவோ பக்கவாட்டில் அசைக்கவோ சிரமப்பட்டீர்களா, முடி கொட்டியது உங்களை வருத்தியதா, தாம்பத்திய உறவில் நாட்டம் இருந்ததா. வீட்டிலும் சரி, ஆஸ்பத்திரியிலும் சரி, யாரும் கேட்காத கேள்விகள். ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் இந்தப் பதில்கள் மோசமாக இருக்கலாம், அப்படி இருந்தால் அந்தப் பெண் நன்றாக இல்லை என்றுதான் அர்த்தம்.

கேட்பதோடு நின்றுவிடாமல் செயல்படவும் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு, நியூயார்க்கில் நடந்த ஒரு ஆய்வைச் சொல்லலாம். முற்றிய நிலைப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்ட 766 பேர், மார்பகப் புற்றுநோயாளிகளும் அதில் உண்டு. ஒரு பிரிவினர் குமட்டல், வலி, மூச்சிரைப்பு போன்ற 12 தொந்தரவுகளைத் தாங்களே கணினியில் பதிவு செய்தார்கள், ஏதாவது ஒன்று திடீரென்று மோசமானால் நர்ஸுக்கு மின்னஞ்சல் போய்விடும், அவர் கூப்பிட்டுப் பேசி மருந்தை மாற்றவோ வரச்சொல்லவோ செய்வார். 2016இல் முதல் முடிவு வந்தது: அந்தப் பிரிவில் வாழ்க்கைத் தரம் முன்னேறியவர்கள் 34 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 18 சதவீதம். அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுவதும் குறைந்திருந்தது. அவர்கள் சில மாதங்கள் கூடுதலாக வாழ்ந்ததையும் 2017இல் வெளியிட்டார்கள். ஆயுளைப் பற்றி ஒரே ஆய்வை வைத்து உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க மாட்டேன். ஆனால் தொந்தரவைச் சொல்வதும் அதற்கு ஒரு நர்ஸ் உடனே பதில் சொல்வதும் அன்றாட வாழ்க்கையை மாற்றுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

மார்பகப் புற்றுநோய்க்கென்றே பயிற்சி பெற்ற நர்ஸ்களைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு ஒன்றை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021இல் வெளியிட்டது, 14 ஆய்வுகள், 2,905 பெண்கள். வாழ்க்கைத் தரம், பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றில் அவர்களின் உதவி வழக்கமான கவனிப்பைவிட மேலாகவோ, குறைந்தது அதற்கு இணையாகவோ இருக்கிறது என்பதுதான் அதன் சாரம். அற்புதம் நடக்கும் என்று அது சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆய்வுக்கு ஆய்வு நர்ஸ் செய்த வேலையே வேறு வேறு, அளந்த விதமும் வேறு, அப்படியிருக்கும்போது ஒரே எண்ணாகப் பதில் கிடைக்காது.

சரி, இனி உங்கள் அக்கா விஷயத்துக்கு வருகிறேன். முதலில் அவசரமான ஒன்று. அக்காவின் வயதை நீங்கள் சொல்லவில்லை. குழந்தை பெற்றுக்கொள்ளும் வயதில் இருந்து, இனியும் ஒரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் மனதின் ஏதோ ஒரு மூலையில் இருந்தால்கூட, கீமோ ஆரம்பிப்பதற்கு முன்பே டாக்டரிடம் பேசியாக வேண்டும். கீமோ கருமுட்டைகளைப் பாதிக்கும். முட்டைகளை எடுத்து உறையவைத்துப் பாதுகாக்க ஏறக்குறைய 2 வாரம் ஆகும், கீமோ தொடங்கிய பிறகு அந்த வாய்ப்பு பெரும்பாலும் கைநழுவிப் போய்விடும். உயிர் பிழைப்பதே பெரிய விஷயமாக இருக்கும்போது இதைப் பேசலாமா என்று குடும்பத்தார் தயங்குவார்கள், பெண்ணும் பேச மாட்டாள், பிறகு மூன்று வருடம் கழித்து அழுவாள். பேசுங்கள். வேண்டாம் என்று அவர் முடிவு செய்தால் அது அவர் முடிவாக இருக்கும்.

டிரெய்ன். வீட்டில் அளந்து எழுதச் சொல்லியிருப்பார்கள். தினமும் ஒரே நேரத்தில் அளந்து, எவ்வளவு, என்ன நிறம் என்று தேதி போட்டு எழுதுங்கள். முதலில் ரத்தச் சிவப்பாக இருக்கும், பிறகு இளஞ்சிவப்பு, அப்புறம் வெளிர் மஞ்சள். காலி செய்த பிறகு, குழாயின் முனையில் நீர் சேருகிற அந்த உருண்டையை நன்றாக அமுக்கிவைத்து மூட வேண்டும், அமுங்கிய நிலையில் இருந்தால்தான் அது உறிஞ்சும். பல இடங்களில் 24 மணி நேரத்துக்கு 30 மில்லி அல்லது அதற்கும் கீழே குறைந்த பிறகுதான் எடுப்பார்கள், உங்கள் அறுவை சிகிச்சை நிபுணரின் கணக்கு கொஞ்சம் மாறலாம். நன்றாக வந்துகொண்டிருந்தது சட்டென்று நின்று அந்த இடம் உப்பினால் குழாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம், உடனே கூப்பிடுங்கள். நீர் திரும்பவும் சிவப்பானாலும், சீழ் மாதிரி ஆனாலும், சுற்றிலும் சிவந்து சூடாக இருந்தாலும் அதேதான். டிரெய்ன் எடுத்த பிறகு உள்ளே நீர் கோத்துக்கொண்டு தளும்புவது நிறைய பேருக்கு நடக்கும், பயப்பட வேண்டாம், தேவையென்றால் ஊசியால் எடுத்துவிடுவார்கள்.

அறுவை நடந்த பக்கத்துக் கை. டிரெய்ன் இருக்கிறது, தையல் பிரிந்துவிடும் என்று கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொள்கிறவர்கள் அதிகம், வீட்டார் வேறு "அசைக்காதே, அசைக்காதே" என்பார்கள். அப்படியே விட்டால் தோள் இறுகிப்போகும். முகம் கழுவுவது, தலை வாருவது போன்றவற்றை முதலிலிருந்தே அந்தக் கையால் செய்யலாம். தோளுக்கு மேலே தூக்கும் பயிற்சியை எப்போது தொடங்கலாம் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் டிரெய்ன் எடுத்த பிறகு. அக்காவுக்குப் பின்னால் கதிர்வீச்சு கொடுக்கிற திட்டம் இருந்தால் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அந்த மேஜையில் கையைத் தலைக்கு மேலே தூக்கிவைத்து அசையாமல் படுக்க வேண்டும், தோள் இறுகியவர்களுக்கு அது பெரிய அவஸ்தை.

மேல்கையின் உள்பக்கம் மரத்துப்போயிருக்கும். அக்குளில் அறுவை செய்யும்போது அந்த வழியாகப் போகும் ஒரு தோல் நரம்பு வெட்டுப்படுவதோ இழுபடுவதோ உண்டு, அதனால்தான். சிலருக்கு இது முழுவதும் சரியாவதில்லை. சில வாரம் கழித்து அக்குளிலிருந்து முழங்கை நோக்கி ஒரு கயிறு இழுத்துக் கட்டியதுபோல் தோலுக்கடியில் விறைப்பாகத் தெரியலாம், கையை நீட்டினால் சுண்டி இழுக்கும். நோய் பரவிவிட்டது என்றே நினைத்துவிடுவார்கள். அது நோய் இல்லை, நீட்டும் பயிற்சியும் பிசியோதெரபியும் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இந்த இரண்டையும் முன்கூட்டியே ஒரு நர்ஸ் சொல்லியிருந்தால் எத்தனை இரவுத் தூக்கம் மிச்சமாகும் என்று நினைத்துப் பாருங்கள். சொல்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

தழும்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். முதல் தடவை டிரெஸ்ஸிங் பிரிக்கும்போது பலர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பார்கள். அப்போது நான் பாருங்கள் என்று வற்புறுத்துவதும் இல்லை, பார்க்காதீர்கள் என்று மறைப்பதும் இல்லை. நான் என்ன பார்க்கிறேன் என்று வாயால் சொல்வேன்: குறுக்காக ஒரு கோடு, காய்ந்திருக்கிறது, ஓரத்தில் கொஞ்சம் கன்றியிருக்கிறது, மார்பு இந்தப் பக்கம் தட்டையாக இருக்கிறது. சிலர் முதலில் விரலால் தொட்டுப் பார்க்கிறேன் என்பார்கள், கை கழுவிவிட்டு மெல்லத் தொடுவார்கள், அடுத்த முறை குனிந்து பார்ப்பார்கள், கண்ணாடி அதற்கும் அப்புறம். சிலர் அன்றைக்கே கண்ணாடி கேட்பார்கள். இதில் சரியான வேகம் என்று ஒன்று கிடையாது. கணவர் எப்போது பார்க்கலாம் என்பதும் அந்தப் பெண் தீர்மானிக்க வேண்டியது. வாரங்கள் போய்க் குளிக்கும்போதுகூடப் பார்க்க முடியவில்லை, துணியோடே குளிக்கிறார் என்றால், அதை நர்ஸிடம் சொல்லுங்கள், அது பேசித் தீர்க்கவேண்டிய விஷயம். செயற்கை மார்பகம் வைக்கிற எண்ணம் இருந்தால், ஆரம்பத்தில் லேசான பஞ்சு அல்லது துணியால் ஆனதைத்தான் உள்ளாடைக்குள் வைக்கலாம். புண் நன்றாக ஆறிய பிறகு, ஏறக்குறைய 6 முதல் 8 வாரத்தில், எடையுள்ள சிலிக்கானுக்கு மாறலாம். ஒன்றும் வைக்காமல் அப்படியே இருக்கிறேன் என்றால் அதிலும் ஒரு தவறும் இல்லை.

கீமோவுக்கு வருவோம். வீட்டில் நல்ல தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். 38 டிகிரி செல்சியஸ், அதாவது பாரன்ஹீட்டில் 100.4, அதைத் தொட்டால் அவசரம், நள்ளிரவாக இருந்தாலும் சரி. கீமோ கொடுத்து 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும், அப்போது வருகிற காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாக மாறலாம். பாராசிட்டமால் போட்டு இறக்கிவிட்டுக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது இந்த நேரத்தில் கூடவே கூடாது, மாத்திரை காய்ச்சலை மறைக்கும், தொற்றை மறைத்து வளரவிடும். இந்த ஒரு பத்தியை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு போடுவதற்காகக் கொடுப்பதில்லை, சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி போட்டுவிட வேண்டும். அப்படியும் நிற்கவில்லையென்றால் "கீமோ என்றால் வாந்தி வரும்தானே" என்று சகித்துக்கொள்ள வேண்டாம். எத்தனை முறை, எந்த நாளில், என்ன சாப்பிட முடிந்தது என்று சொன்னால் அடுத்த சுற்றுக்கு மருந்தை மாற்றவோ கூடுதலாக ஒன்று சேர்க்கவோ வழி இருக்கிறது, இன்றைக்கு நல்ல மருந்துகள் உண்டு. ஒண்டான்செட்ரான் என்ற வாந்தி மாத்திரை மலச்சிக்கலைக் கொண்டுவரும், கூடக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை தூக்கத்தைக் கெடுக்கும், அதைக் காலையில் சாப்பிடலாமா என்று கேளுங்கள், பல நேரம் இந்தச் சின்ன மாற்றமே போதும். டாக்ஸோருபிசின் என்ற சிவப்பு மருந்து ஏறும்போது ஊசி போட்ட இடம் எரிந்தாலோ வீங்கினாலோ அந்த நொடியே சொல்ல வேண்டும், அது ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் தசையையே அரித்துவிடும். மறுநாள் சிறுநீர் சிவந்து போனால் அது மருந்தின் நிறம்தான், பயமில்லை. பாக்லிடாக்ஸல் என்ற இன்னொரு கீமோ மருந்தை எடுத்துக்கொள்கிறவர்களுக்கு விரல் நுனி மரத்துப்போகும், அக்காவுக்குச் சட்டைப் பித்தான் போட வரவில்லை, கையிலிருந்து டம்ளர் நழுவுகிறது என்றால் அடுத்த டோஸுக்கு முன்பே சொல்லியாக வேண்டும், அதைப் பொறுத்து அளவைக் குறைப்பார்கள், தள்ளிப்போட்டால் நிரந்தரமாகத் தங்கிவிடலாம்.

முடி கொட்டுவது பொதுவாக முதல் கீமோ முடிந்து 2, 3 வாரத்தில் ஆரம்பிக்கும். அதற்கு ஓரிரு நாள் முன்னால் தலைத்தோல் தொட்டாலே வலிக்கும், யாரும் இதைச் சொல்லிவைப்பதில்லை. முன்பே குட்டையாக வெட்டிக்கொள்வது சிலருக்குச் சுலபமாக இருக்கிறது, சிலருக்கு அதுவே கொடுமை. அக்கா விருப்பப்படி விடுங்கள். "முடிதானே, வளர்ந்துவிடும்" என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். வளர்ந்துவிடும் என்று அவருக்கும் தெரியும்.

களைப்பு. இது சாதாரணக் களைப்பு மாதிரி இருக்காது, தூங்கி எழுந்தாலும் போகாது. ரத்தசோகை, தைராய்டு, தூக்கமின்மை, மனச்சோர்வு, இதில் எதாவது காரணமா என்று முதலில் பார்க்க வேண்டும், அதற்குத்தான் நர்ஸிடம் சொல்லச் சொல்கிறேன். அவை இல்லையென்றால், கேட்க விசித்திரமாக இருந்தாலும், நடப்பதுதான் நல்ல மருந்து. வாரத்துக்கு 3 நாள், நாளுக்கு 30 நிமிடம் நடப்பது போன்ற உடற்பயிற்சி களைப்பையும் பதற்றத்தையும் மனச்சோர்வையும் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 30 நிமிடம் முடியாத நாளில் 5 நிமிடம் போதும்.

கை வீக்கம், லிம்ஃபெடீமா. அக்குள் முடிச்சுகளை மொத்தமாக எடுத்தவர்களில் ஏறக்குறைய 5இல் ஒருவருக்கு வரலாம், ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களுக்கு இது மிகவும் குறைவு. கை கனப்பதுபோல் இருப்பது, மோதிரமோ வளையலோ இறுகுவது, இவை கண்ணுக்கு வீக்கம் தெரிவதற்கு முன்பே வரும். அந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் கம்ப்ரெஷன் ஸ்லீவ் என்ற இறுக்கமான கையுறை, மசாஜ், பயிற்சி என்று கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். வெட்டு, தீக்காயம், பூச்சிக்கடி எதுவானாலும் உடனே கழுவிக் கவனிக்க வேண்டும், கை சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆன்டிபயாடிக். ஆனால் "இந்தக் கையால் கனமான எதையும் தூக்கவே கூடாது" என்ற பழைய அறிவுரையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களை வைத்துச் செய்த அமெரிக்க ஆய்வு 2009இல் வந்தது. மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டிப் பயிற்சி செய்தவர்களுக்கு வீக்கம் கூடவில்லை, திடீரென்று மோசமாவது குறையத்தான் செய்தது, கையும் பலமானது. வாழ்நாள் முழுக்க ஒரு கையைப் பயந்து பயந்து வைத்துக்கொள்வது வாழ்க்கைத் தரம் ஆகாது.

எல்லாவற்றிலும் அதிகமாகக் கைவிடப்படுகிற கட்டம் ஹார்மோன் மாத்திரைக் காலம். அக்காவின் கட்டி ஹார்மோன் ஏற்பி உள்ள வகை, அதாவது ஹார்மோனால் வளர்கிற வகை என்றால் டாமாக்சிஃபென், லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் என்று ஏதோ ஒன்றை 5 வருடம், சிலருக்கு 10 வருடம் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரிக்கு மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறைதான் போவது, எல்லோரும் சிகிச்சை முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள், ஆனால் அந்தப் பெண் இரவில் வியர்த்து எழுகிறாள், காலையில் விரல் மூட்டு மடக்க வரவில்லை, எரிச்சல் வருகிறது, அது மாத்திரையால் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கலிஃபோர்னியாவில் 8,769 பெண்களைப் பார்த்த ஒரு ஆய்வு 2010இல் வந்தது, முழுக் காலமும் ஒழுங்காக மாத்திரையைச் சாப்பிட்டவர்கள் 49 சதவீதம்தான். பாதிப் பேர் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறார்கள், அல்லது விட்டுவிட்டுச் சாப்பிடுகிறார்கள், டாக்டரிடம் "சாப்பிடுறேன்" என்கிறார்கள். இங்கே ஒரு நர்ஸின் தொலைபேசி அழைப்பு என்ன செய்யும் என்று யோசியுங்கள். மூட்டு வலிக்கு உடற்பயிற்சி உதவுகிறது, ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதே வகையில் இன்னொன்றுக்கு மாற்றலாம், உடம்பு கொதிப்பதற்கு மருந்து உண்டு. ஒரு எச்சரிக்கை, டாமாக்சிஃபென் சாப்பிடுகிறவர் பராக்ஸடின், ஃப்ளூஆக்ஸடின் போன்ற மனச்சோர்வு மருந்துகளை வேறு டாக்டரிடம் வாங்கிச் சாப்பிட்டால் அவை டாமாக்சிஃபென்னின் வேலையைக் குறைக்கக்கூடும், அதனால் எல்லா மருந்துச் சீட்டையும் நர்ஸிடம் காட்டுங்கள்.

தாம்பத்தியம் பற்றி எழுதத் தயங்கக் கூடாது என்று நினைக்கிறேன். வறட்சி, வலி, நாட்டமின்மை, தொட விடாமல் ஒதுங்குவது, இவை சர்வசாதாரணம். "உறவில் ஏதாவது பிரச்சினையா?" என்று நேராகக் கேட்டால் எந்தப் பெண்ணும் இல்லை என்றுதான் சொல்வாள். நான் கேட்பது இப்படி: "இந்த மாத்திரை சாப்பிடுற பல பேருக்கு அந்த இடம் வறண்டு வலிக்குதுன்னு சொல்றாங்க, உங்களுக்கு எப்படி இருக்கு?" கூட யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்பேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு சொல்வார்கள். ஹார்மோன் இல்லாத ஈரப்பசைக் களிம்புகளும் ஜெல்களும் இருக்கின்றன. ஹார்மோன் உள்ளவற்றைக் கடையில் தாங்களாக வாங்கிப் போட்டுவிடக் கூடாது. உங்களிடம் அக்கா இதைச் சொல்ல மாட்டார், அதனால் அவர் நர்ஸோடு தனியாகப் பேச ஐந்து நிமிடம் கிடைக்கும்படி நீங்கள் அறையை விட்டு வெளியே போய் நில்லுங்கள். குடும்பத்தார் செய்யக்கூடிய பெரிய உதவிகளில் இதுவும் ஒன்று.

மனசு. 0 முதல் 10 வரை கோடு போட்ட மனவேதனை அளவுகோல் ஒன்றைப் பல ஆஸ்பத்திரிகளில் வைத்திருக்கிறார்கள், கடந்த ஒரு வாரத்தில் எவ்வளவு வேதனை என்று அதில் குறிக்க வேண்டும், 4 அல்லது அதற்கு மேல் என்றால் உட்கார்ந்து பேச வேண்டும் என்று கணக்கு. அந்தத் தாள் இல்லாவிட்டாலும் நீங்களே கேட்கலாம், எண்ணாகச் சொல்வது "நல்லா இருக்கேன்" என்று சொல்வதைவிடச் சுலபம். சிகிச்சை நடக்கும்போது தைரியமாக இருந்தவர்கள் எல்லாம் முடிந்த பிறகு உடைந்துபோவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதுவரை வாராவாரம் யாராவது பார்த்துக்கொண்டிருந்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், திடீரென்று "ஆறு மாதம் கழித்து வாங்க" என்றால் யாருமில்லாததுபோல் ஆகிவிடுகிறது, முதுகு வலித்தாலும் இருமினாலும் அதுதான் திரும்பி வந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருக்கும் அதே நேரத்தில் இது நடக்கும் என்பதால் சொல்லவும் முடியாது. இந்தக் காலத்தில் நர்ஸ் தொலைபேசியில் தொடர்ந்து பேசினால் போதுமா என்று பிரிட்டனில் 374 பெண்களை வைத்துப் பார்த்தார்கள், 2009இல் வந்த அந்த முடிவுப்படி ஆஸ்பத்திரிக்கு நேரில் வந்தவர்களைவிட அவர்களுக்குப் பதற்றம் கூடவில்லை. நீங்கள் தொலைவில் இருப்பவர்கள் என்றால் இது உங்களுக்கு நல்ல செய்தி.

நோய் வேறு உறுப்புக்குப் பரவிய பெண்களுக்கு இந்த ஆதரவு இன்னும் அதிகமாகத் தேவை, ஆனால் அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது. வலியைக் குறைக்கும் பாலியேட்டிவ் கவனிப்பு என்றதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை, கீமோ நடக்கும்போதே அதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம், வாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்படிப்பட்ட நர்ஸ் எல்லா இடத்திலும் கிடைக்கிறாரா என்றால் இல்லை, அது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் எப்படி வந்தது என்று கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். வேகப்பந்து வீச்சாளர் கிளென் மெக்ராத்தின் மனைவி ஜேன் மெக்ராத்துக்கு 31 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. கூடவே ஒரு நர்ஸ் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று உணர்ந்த இருவரும் 2005இல் ஒரு அறக்கட்டளை தொடங்கினார்கள். ஜேன் 2008இல் இறந்துவிட்டார். சிட்னி டெஸ்டின் மூன்றாம் நாள் மைதானம் முழுக்க இளஞ்சிவப்பாக இருப்பது அவர் நினைவாகத்தான், திரளும் பணம் நாடு முழுவதும் நர்ஸ்களை நியமிக்கப் பயன்படுகிறது, நோயாளிகள் அவர்களுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஒரு நாட்டில் முடிந்தது மற்ற நாட்டிலும் முடியும், கேட்கிறவர்கள் வேண்டும்.

அதுவரை உங்களால் செய்ய முடிந்தது இது. உங்கள் பிரிவில் அடிக்கடி பார்க்கிற, பொறுமையாகப் பேசுகிற ஒரு நர்ஸைக் கவனித்து வையுங்கள், பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பெரும்பாலும் கீமோ வார்டிலேயே ஒருவர் இருப்பார். ஒரு சின்ன நோட்டில் காய்ச்சல், வலி, தூக்கம், மலம், சாப்பாடு, கை, மனசு என்று அன்றன்று ஒரு வரி எழுதுங்கள், அக்காவே எழுதினால் நல்லது. போகும்போது அந்த வாரத்தில் மிகவும் படுத்திய இரண்டை மட்டும் முதலில் சொல்லுங்கள், எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் அவசரத்தில் எதுவும் நிற்காது. எப்போது பரவாயில்லை என்று காத்திருக்கலாம், எப்போது கூப்பிட வேண்டும், எப்போது நேராகக் கிளம்பி வந்துவிட வேண்டும் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். இரவில் எந்த எண்ணில் கூப்பிடுவது, கூப்பிட்டால் எடுக்கிறவரிடம் என்ன மருந்து, எந்தத் தேதியில் கொடுத்தது என்று சொல்ல வேண்டுமா என்பதையும் கேளுங்கள். இவற்றையெல்லாம் டிரெய்ன் எடுக்கப் போகிற அன்றைக்கே கேட்டுவிடுங்கள், முதல் கீமோ நாளில் கூட்டமும் பதற்றமும் இருக்கும், காதில் ஏறாது.